சுழற்றினால் வராத தேன்: ஒரு கார்வித் தேன் அறுவடையின் நிகழ்வு ஆய்வு

மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் மேட்டுநிலத்தில் சிறு தேனீ வளர்ப்போர் குழு ஒன்று, ஒரு கூட்டப் பூப்பு ஆண்டில் கார்விச் செடியின் தேனைத் தனியாக எடுத்துச் சூடாக்காமல் விற்க முயன்றது. முயற்சி பாதிதான் பலித்தது. தேன், பெட்டிக்குள் அடை கட்ட வைக்கும் மரச்சட்டத்திலிருந்து வரவில்லை. வந்த தேன் முதல் ஆய்வக அறிக்கையில் தேறவில்லை. அறுவடை முடிந்ததும் சில பெட்டிகள் காலியாயின. ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம், என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பதை வரிசையாகப் பதிகிறோம். குழுவினர், கொள்முதல் செய்தவர், ஆய்வகம் ஆகியோரின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

கார்வி நம் நீலக்குறிஞ்சியின் நெருங்கிய உறவு. இரண்டும் ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது, கார்வி எட்டாவது ஆண்டில் கூட்டமாகப் பூக்கிறது. மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2008, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. எல்லா மலைச்சரிவும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கின் முறை ஓரிரு ஆண்டு முன்பின் இருக்கலாம். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை பூ இருக்கும். பிறகு காய்த்து, செடி காய்ந்துவிடும். மறுமழையில் காய் வெடித்து விதை தெறிக்கும்.

இந்தத் தேனுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அசையாமல் இருக்கும்போது கூழாக உறைந்து நிற்கும், கலக்கினால் இளகி ஓடும், விட்டால் மறுபடி இறுகும். ஐரோப்பாவின் ஹெதர் தேன், நியூசிலாந்தின் மனுக்கா தேன் ஆகியவற்றிலும் இது உண்டு. ஹெதரில் இதற்குக் காரணம் தேனிலுள்ள புரதம் என்று காட்டப்பட்டிருக்கிறது. இது தேன் படிகமாவதிலிருந்து வேறுபட்டது. படிகமான தேனை நாக்கில் வைத்தால் மணல்போல் நெருடும், சூடுபட்டால் கரையும். கூழான தேன் வழவழப்பாக இருக்கும், அதை இளக்குவது அசைவுதான்.

குழுவில் பதினொரு குடும்பங்கள். ஒதுக்கிய பெட்டிகள் 42, எல்லாமே இந்தியத் தேனீ (அடுக்குத் தேனீ). கருவி என்று இருந்தது நான்கு சட்டம் வைத்துக் கையால் சுழற்றும் ஒரு எவர்சில்வர் உருளை, வடிகட்டத் துணி, தேனின் ஈரம் பார்க்கக் கையடக்க ஒளிவிலகல்மானி ஒன்று. போன கார்விப் பூப்பில் தேன் எடுத்த அனுபவம் இரண்டு மூத்தவர்களுக்கு மட்டுமே இருந்தது. அப்போது அடையை அறுத்துக் கையால் பிழிந்து, கிடைத்ததை நாவல், கடுக்காய்த் தேனோடு சேர்த்து விற்றுவிட்டார்கள். தேன் சுழலுமா என்ற கேள்வியே அப்போது எழவில்லை. இந்த முறையும் யாரும் அவர்களிடம் அதைக் கேட்கவில்லை.

வாங்க முன்வந்தவர் கேட்டது 150 கிலோ. நிபந்தனைகள் நான்கு: எந்தக் கட்டத்திலும் 40 டிகிரிக்கு மேல் சூடு படக்கூடாது, ஈரம் 20 சதவீதத்துக்குள், மகரந்தத்தில் கார்வி 45 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வக அறிக்கை வேண்டும். ஈரம், மகரந்தம் இரண்டும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தேன் தரநிலையில் உள்ளவைதான். சூடு பற்றிய நிபந்தனை மட்டும் அவருடையது.

பூப்புக்கு முன் எடுத்த முடிவுகள்

மகாபலேஷ்வரில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும், அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும். அந்த மாதங்கள் தேனீக்குப் பஞ்ச காலம். சர்க்கரைப்பாகு கொடுக்காமல் கூட்டம் தாக்குப்பிடிக்காது. ஆனால் பெட்டியின் கீழ்ப்பகுதியான புழு அறையில் சேமித்த பாகு, பூக்களிலிருந்து வரத்து தொடங்கியதும் மேலே தேன் அறைக்கு நகரும். முட்டையிட இடம் வேண்டுமென்று தேனீக்களே அதை மாற்றி வைக்கும். அப்புறம் அது எவ்வளவு, எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் மூன்று முடிவுகள் எடுத்தார்கள். முதல் மொட்டு கண்ணில் பட்டதும் பாகு நிறுத்தப்பட வேண்டும். கோடைத் தேன் மிச்சமிருக்கும் தேன் அறைகளை முழுவதும் எடுத்துவிட்டு, காலிச் சட்டத்தில் மெழுகுத்தாள் ஒட்டிப் புதிதாக அடை கட்டவைக்க வேண்டும். பெட்டிகளைக் கார்விப் புதரிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் நிறுத்த வேண்டும். இந்தியத் தேனீ இத்தாலியத் தேனீ அளவுக்குத் தொலைவு போய் மேயாது. தூரம் கூடினால் வழியில் உள்ள பூவெல்லாம் கலந்துவிடும்.

ஐந்து பெட்டிகளில் முதல் விதி மீறப்பட்டது. கூட்டம் வலுவிழந்திருந்ததால் அதன் உரிமையாளர் செப்டம்பர் இரண்டாம் வாரம் வரை பாகு கொடுத்தார். அதை மறைக்காமல் சொன்னார். அந்தப் பெட்டிகளுக்குச் சிவப்புச் சாயம் பூசித் தனித் தொகுதியாக்கினார்கள். பின்னால் மற்ற தேனைக் காப்பாற்றியது அந்தச் சிவப்பு அடையாளம்தான்.

வரத்துக் காலத்தில் பார்த்தவை

செப்டம்பர் முதல் வாரத்தில் பூ வந்தது. மழை விடாததால் முதல் பத்து நாளும் தேனீ மகரந்தம் கொண்டுவந்த அளவுக்கு மதுரம் (பூவின் இனிப்புச் சாறு) கொண்டுவரவில்லை. எடைமேடையில் வைத்திருந்த இரண்டு பெட்டிகளில் ஒன்று எடை குறையவே செய்தது. மாதக் கடைசியில் வெயில் காட்டியபோது எடை ஏறத் தொடங்கியது. தேன் அறைகள் இரண்டு வாரத்தில் நிறைந்தன.

ஈரம் அளப்பதில் ஒரு குழப்பம். அவர்களிடம் இருந்த ஒளிவிலகல்மானியில் பிரிக்ஸ் அளவுகோல் மட்டுமே இருந்தது. பிரிக்ஸை நூறிலிருந்து கழித்தால் ஈரம் என்று வைத்துக்கொண்டு, 22 சதவீதம் என்று குறித்து வந்தார்கள். தேனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பிரிக்ஸ் அளவுகோல் சர்க்கரைக் கரைசலுக்கானது. தேனில் இந்தக் கழித்தல் உண்மை ஈரத்தைவிட ஏறக்குறைய ஒன்றரைப் புள்ளி கூடுதலாகக் காட்டும். தேனுக்கென்றே ஈர அளவுகோல் உள்ள கருவியை இரவல் வாங்கி அளந்தபோது, தேனீ மெழுகால் மூடிவிட்ட கண்ணறைகளில் 19 முதல் 20.5 வரையும், மூடாதவற்றில் 22-க்கு மேலும் இருந்தது.

மூடிய பிறகும் 20-ஐத் தொட்டுக்கொண்டு நின்றதற்குக் காற்றுதான் காரணம். 58 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் தேன் 17.4 சதவீத ஈரத்தில் சமநிலைக்கு வரும். 66 சதவீதக் காற்றில் அதுவே 21.5 ஆகிவிடும். மேட்டுநிலத்தில் செப்டம்பர் காற்று இதற்கெல்லாம் மேலே. அதனால் அறுவடையை மழை விலகும்வரை தள்ளிப்போட்டார்கள். சட்டத்தின் இரு பக்கமும் பத்தில் ஒன்பது பங்கு மூடியிருந்தால் மட்டுமே எடுப்பது என்பது விதி. இதற்கு மேலும் காத்திருந்திருக்கலாம். ஆனால் கார்வி உதிரும்போது வேறு பூக்கள் தொடங்கிவிடும், ஒற்றைப் பூவின் தேன் என்ற பேச்சே போய்விடும். அக்டோபர் இரண்டாம் வாரம் என்று முடிவானது.

அறுவடையின் முதல் நாள்

முதலில் எடுத்தது 22 சட்டங்கள். தேன் அறைச் சட்டம் சிறியது, உயரம் ஆறேழு சென்டிமீட்டர்தான். மொத்தம் 9.5 கிலோ அடைத்தேன். மூடி சீவி, உருளையில் வைத்துச் சுற்றினார்கள். சுவரில் தெறிக்க வேண்டிய தேன் தெறிக்கவில்லை. சீவிய இடத்தில் மட்டும் கொஞ்சம் வழிந்தது. வேகத்தைக் கூட்டியதும் அடைகள் சட்டத்தை விட்டுப் பிய்ந்தன. புதிதாகக் கட்டிய, கம்பி கோக்காத அடை அவ்வளவுதான் தாங்கும். மாலைவரை போராடிக் கிடைத்தது 1.9 கிலோ.

தேன் படிகமாகிவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். ஒரு கண்ணறையைக் குச்சியால் கிளறியபோது தேன் ஒழுகியது. கால் மணி நேரம் கழித்து அதே கண்ணறையில் குச்சி செங்குத்தாக நின்றது. கூழாவதுதான் என்று அப்போது புரிந்தது.

நொறுங்கிய அடைகள் அன்றிரவு மூடியில்லாத அலுமினியத் தட்டில் கிடந்தன. காலையில் மேற்பரப்பில் ஈரம் 22 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மூன்றாம் நாள் புளித்த வாடை வந்தது. அந்தத் தேன் முழுவதும் விற்பனைக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது.

சூடாக்கலாமா என்ற கேள்வி

குழுவில் சிலர் 60 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்து இளக்கலாம் என்றார்கள். மற்ற தேன்களுக்கு அப்படித்தான் செய்து பழக்கம். இங்கே அதில் மூன்று சிக்கல்கள் இருந்தன.

ஒன்று, அடையோடு சூடாக்கவே முடியாது. 40 டிகிரியிலேயே மெழுகு துவண்டுவிடும், 62 முதல் 64-இல் உருகும். உருகிய மெழுகும் தேனும் கலந்து ஆறினால் பிரிப்பது பெரும்பாடு. இரண்டு, கூழ் இளகுவது அசைவால். சூடு கொஞ்சம் உதவும், ஆறியதும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். மூன்றாவது, வாங்குபவருக்குக் கொடுத்த வாக்கு.

இதில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் 60 டிகிரியில் வைத்திருந்தால் ஆய்வகத்தில் மாட்டியிருக்க வாய்ப்பில்லை. சூட்டைக் காட்டிக்கொடுக்கும் எச்.எம்.எஃப். என்ற பொருள் கிலோவுக்கு 30 மில்லிகிராம் சேர, 60 டிகிரியில் ஒரு நாள் முதல் இரண்டரை நாள் ஆகும். 50 டிகிரியில் நான்கரை முதல் ஒன்பது நாள். 30 டிகிரியில் மூன்று மாதத்துக்கு மேல். இந்தியத் தரநிலை 80 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்தத் தேன் சூடுபட்டது, எது படவில்லை என்று கடையில் யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தேனிலுள்ள இன்வர்டேஸ் என்ற நொதி அதைவிட மென்மையானது, 60 டிகிரியில் ஐந்து மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். சூடாக்க வேண்டாம் என்று முடிவெடுத்தபோது அந்த நொதியை யாரும் நினைக்கவில்லை. ஆய்வக அறிக்கை வந்தபிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

ஊசிப்பலகையும் திருகு அச்சும்

ஹெதர் தேன் எடுப்பவர்களிடம் இரண்டு வழிகள் உண்டு. கண்ணறைகளுக்குள் ஊசி இறக்கித் தேனை அசைத்து இளக்கி, உடனே சுழற்றுவது. அல்லது அடையையே அறுத்துப் பிழிவது. இரண்டையும் சோதித்தார்கள்.

ஊசிப்பலகையை உள்ளூர்ப் பட்டறையில் செய்தார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் முனை மழுங்கிய எவர்சில்வர் கம்பிகள், அடையின் நடுச்சுவரைத் தொடாதபடி 9 மில்லிமீட்டர் நீளம். இந்தியத் தேனீயின் கண்ணறை இத்தாலியத் தேனீயுடையதைவிடக் குறுகலானது. இறக்குமதி உருளைகளின் ஊசி இடைவெளி இதற்குப் பொருந்தாது, அதனால்தான் சொந்தமாகச் செய்ய வேண்டிவந்தது. இரு பக்கமும் ஐந்தாறு முறை குத்தி எடுத்து, பத்து நிமிடத்துக்குள் சுழற்ற வேண்டும். பத்துச் சட்டத்தில், அதாவது 4.2 கிலோவில், 2.6 கிலோ வந்தது. மூன்று அடைகள் உடைந்தன. ஒரு சட்டத்துக்கு இரண்டு பேரும் கால் மணி நேரமும் தேவைப்பட்டது.

அடையை மறுபடி பயன்படுத்தலாம் என்பதுதான் இந்த வழியின் லாபம். பத்தில் மூன்று உடைந்தால் அந்த லாபம் கரைந்துவிடுகிறது. திருகு அச்சில் வைத்துப் பிழிந்தால் அடை முழுவதும் போய்விடும், ஆனால் வேலை சீராக நடக்கும். ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீ ஆறு முதல் எட்டுக் கிலோ தேன் செலவழிக்கும் என்பது வழக்கமான கணக்கு. இதைத் தெரிந்தேதான் பிழிவதைத் தேர்ந்தார்கள். கார்வி முடிந்துவிட்டது, அந்த அடைகளை நிரப்ப உடனடி வரத்து இல்லை, சேமித்து வைத்தால் மெழுகுப்பூச்சி தின்றுவிடும்.

மூன்றாவது வழியும் பேசப்பட்டது: அடையாகவே வெட்டிப் பெட்டியில் விற்பது. எங்கள் கருத்தில் இந்தத் தேனுக்கு மிகப் பொருத்தமானது அதுதான், ஏனென்றால் கூழ்த்தேன் அடையிலிருந்து ஒழுகாது. ஆனால் வாங்குபவர் கண்ணாடிப் புட்டிதான் கேட்டிருந்தார்.

ஊசிப்பலகையால் வந்த 2.6 கிலோவை விற்காமல் ஒப்பீட்டு மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். காரணம் மகரந்தம். தேன் அறையிலும் சில கண்ணறைகளில் தேனீ மகரந்தத்தை அடைத்து வைக்கும். பிழியும்போது அதுவும் தேனோடு வந்து, மகரந்தக் கணக்கை ஏற்றிக் காட்டும். சுழற்றிய தேனில் இந்தக் கோளாறு குறைவு.

பிழிந்த முறை

அறுவடை செய்த அடைகளைப் பகல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். மகரந்தம் அடைத்த கண்ணறைகள் ஒளியை மறைத்து இருட்டாகத் தெரியும். அந்தத் துண்டுகளை வெட்டி ஒதுக்கினார்கள். புழு வளர்ந்த கரிய அடை ஒன்றுகூட அச்சுக்குப் போகவில்லை. பழைய அடையைப் பிழிந்தால் கூட்டுப்புழுத் தோலின் கசப்பு இறங்கும்.

அச்சு உணவுத்தர எவர்சில்வரால் ஆனது. தேன் அமிலத்தன்மை உள்ளது. துத்தநாகம் பூசிய தகரத் தொட்டியில் வைத்தால் துத்தநாகம் கரையும். தடித்த நைலான் வலைப்பையில் ஒரு தடவைக்கு இரண்டரைக் கிலோ அடை. பருத்தித் துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அதைத் தவிர்த்தார்கள். திருகைக் கால் சுற்று சுற்றிவிட்டு ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும், பிறகு மறுபடி கால் சுற்று. அவசரப்பட்டு இறுக்கினால் பை கிழியும், அல்லது மெழுகு நசுங்கித் துளைகளை அடைத்துக்கொள்ளும். ஒரு பைக்கு 20 முதல் 25 நிமிடம் ஆனது. அறை வெப்பம் 28 டிகிரி. காலைப் பனி விலகியபின், பதினொரு மணி முதல் நான்கு மணிவரை மட்டும், கதவை மூடிக்கொண்டு வேலை நடந்தது.

ஆக 116 கிலோ அடையிலிருந்து 89 கிலோ தேன், ஏறக்குறைய 77 சதவீதம். ஈரத்தின்படி இரண்டு தொகுதிகளாகப் பிரித்தார்கள்: வெயில்படும் மேட்டுப் பெட்டிகளின் 58 கிலோ, பள்ளத்து நிழலில் இருந்த பெட்டிகளின் 31 கிலோ. சிவப்புப் பெட்டிகளின் தேன் இந்தக் கணக்கில் இல்லை. அது கடைசியில் தனியாகப் பிழியப்பட்டது.

வடிகட்டுவதிலும் வழக்கமான முறை எடுபடவில்லை. சாதாரணத் தேனை இரண்டு நாள் தொட்டியில் நிறுத்தினால் மெழுகுத் துணுக்கும் காற்றுக்குமிழும் மேலே வந்துவிடும், வழித்தெடுக்கலாம். கார்வித் தேனை நிறுத்தினால் கூழாகி, குமிழும் துணுக்கும் இருந்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே பிழிந்த கையோடு மரத்துடுப்பால் மெதுவாகக் கலக்கி இளக்கி, ஒரு மில்லிமீட்டர் சல்லடை, பிறகு 0.4 மில்லிமீட்டர் சல்லடை, உடனே புட்டி. அரைமணிக்குள் முடிக்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் காற்று உள்ளே போகும், போன காற்று வெளியே வராது. அதைவிட நுண்ணிய சல்லடையில் தேன் பாதியிலேயே நின்றுவிட்டது.

ஆய்வக அறிக்கை

முதல் அறிக்கை வந்தபோது இரண்டு தொகுதிகளுக்கும் எதிரில் "தரநிலைக்கு உட்படவில்லை" என்று இருந்தது. எச்.எம்.எஃப். 6 மில்லிகிராம்தான், அதில் குறையில்லை. சுக்ரோஸ் (சாதாரணச் சர்க்கரை) 6.1, 6.4 சதவீதம்; வரம்பு 5. சிறிய தொகுதியில் ஈரமும் 20.4. தண்ணீரில் கரையாத பொருள் 0.22 சதவீதம், வரம்பு 0.10. வாங்குபவர் சர்க்கரைப்பாகு கலந்ததா என்று நேரடியாகவே கேட்டார்.

இரண்டு எண்களுக்குப் பதில் தரநிலையிலேயே இருந்தது. இந்தியத் தரநிலை கார்வித் தேனைப் பெயர் சொல்லித் தனியாக வைத்திருக்கிறது: சுக்ரோஸ் 10 சதவீதம் வரை, ஒடுக்கும் சர்க்கரை (குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்றவை) பொதுத் தேனுக்குக் குறைந்தது 65 என்றால் இதற்கு 60. பழைய கலப்படத் தடுப்பு விதிகளிலும் இந்த விலக்கு இருந்தது. கரையாத பொருளிலும் பிழிந்த தேனுக்குத் தனி வரம்பு, 0.50. மாதிரி அனுப்பிய படிவத்தில் வெறுமனே "தேன்" என்று எழுதியிருந்ததால் ஆய்வகம் பொதுப் பத்தியோடு ஒப்பிட்டிருக்கிறது. அது ஆய்வகத்தின் தவறாகாது.

ஆனால் விலக்கைக் காட்டினால் மட்டும் போதாது என்று குழு முடிவெடுத்ததை நாங்கள் சரியென்றே கருதுகிறோம். 10 சதவீத வரம்புக்குள் பாகுத் தேனும் ஒளிந்துகொள்ளலாம். அதனால் கார்பன் ஐசோடோப்பு சோதனைக்கும் அனுப்பினார்கள். கரும்பு, காற்றிலிருந்து கார்பனை வேறு வழியில் எடுக்கும் சி4 வகைத் தாவரம். அதன் சர்க்கரையில் கனமான கார்பனின் விகிதம் பூந்தேனில் உள்ளதைவிட வேறுபடும். அரிசிப் பாகையோ பீட்ரூட் சர்க்கரையையோ இந்தச் சோதனை பிடிக்காது. இங்கே ஊட்டியது கரும்புச் சர்க்கரை மட்டுமே என்பதால் சோதனை பொருத்தமானது. சி4 சர்க்கரைக்கான 7 சதவீத வரம்புக்கு இரண்டு தொகுதிகளும் வெகு கீழே இருந்தன. சிவப்புப் பெட்டிகளின் தேனில் சுக்ரோஸ் 11.3, ஐசோடோப்பும் வரம்பைத் தாண்டியது. அந்த ஐந்தும் பொதுத் தொட்டியில் கலந்திருந்தால் 89 கிலோவும் சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கும்.

ஆறு வாரம் கழித்துப் பெரிய தொகுதியை மறுபடி சோதித்தபோது சுக்ரோஸ் 6.1-லிருந்து 4.3-க்கு இறங்கியிருந்தது. சூடுபடாத தேனில் இன்வர்டேஸ் தொடர்ந்து வேலை செய்து சுக்ரோஸை உடைத்துக்கொண்டே இருக்கும். 60 டிகிரித் தொட்டி யோசனை நடந்திருந்தால் இந்த இறக்கம் வெகுவாக மந்தப்பட்டிருக்கும்.

மகரந்தத்தில், பிழிந்த தேன் 78 சதவீதம் கார்வி காட்டியது. ஊசிப்பலகை மாதிரி 52. பெரிய எண்ணை விளம்பரத்தில் போட வாங்குபவருக்கு ஆசை. குழு 52-ஐயே கொடுத்தது. அதுவும் 45-க்கு மேல்தான். மகரந்த சதவீதத்தை எல்லாத் தேனுக்கும் ஒரே மாதிரி படிப்பதும் சரியல்ல. ஐரோப்பியச் செஸ்ட்நட் தேனில் 90-க்கு மேல் போவது சாதாரணம். ஆரஞ்சு இனத் தேனில் 10, 20 சதவீதமே போதுமானதாகக் கொள்ளப்படுகிறது.

மீதி இருந்தது ஈரம். உலகத் தரநிலையான கோடெக்ஸ் ஹெதருக்கு 23 சதவீதம் வரை அனுமதிக்கிறது, கார்விக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை. 20-க்கு மேல் ஈரமிருந்தால் ஈஸ்ட் எப்போது வேண்டுமானாலும் எழும், ஆக சலுகை இருந்தாலும் அதை நம்பியிருக்கக் கூடாது. பெரிய தொகுதியின் ஈரம் 19.2. இரண்டையும் கலந்தால் 19.6. ஒரே செடி, ஒரே அறுவடை என்பதால் கலப்பதில் ஆட்சேபம் இல்லை. பத்துக் கிலோ பாத்திரங்களில் இரண்டையும் தனித்தனியே இளக்கி, பிறகு சேர்த்தார்கள். கூழாக இருக்கும்போது சேர்த்தால் கலப்பது போலத் தோன்றும், உள்ளே கட்டிகட்டியாக ஈரம் வேறுபட்டு நிற்கும்.

விற்பனையும் பெட்டிகளும்

கேட்ட 150 கிலோவில் 89 மட்டுமே கொடுக்க முடிந்தது. சீட்டில் "கார்வித் தேன், பிழிந்தது" என்று அச்சிட்டார்கள். பிழிந்தது என்ற சொல் விலையைக் குறைக்கும் என்று வாங்குபவர் தயங்கினார். அந்தச் சொல் இல்லாவிட்டால் கரையாத பொருளின் வரம்பு 0.10-க்குத் திரும்பிவிடும் என்று காட்டியதும் ஒப்புக்கொண்டார்.

வாடிக்கையாளர் புகார்கள் இரண்டு வகைதான். புட்டியைக் கவிழ்த்தால் தேன் வரவில்லை என்பது ஒன்று. உள்ளே குமிழ் தெரிகிறது, புளித்துவிட்டதா என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பிரித்தறியும் வழியை எழுதி ஒட்டினார்கள்: சிக்கிய காற்றென்றால் குமிழ்கள் புட்டி முழுக்கப் பரவலாக, நாளுக்கு நாள் மாறாமல் இருக்கும், புளித்தால் நுரை மேலே சேரும், மூடி உப்பும், திறந்ததும் புளித்த வாடை அடிக்கும். முதலாவதற்குப் பதில் உலர்ந்த கரண்டியால் கலக்குவதுதான்.

சிவப்புப் பெட்டிகளின் தேனை விற்கவில்லை. அதே ஐந்து பெட்டிகளுக்கே தீவனமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். வேறு கூட்டங்களுக்குக் கொடுத்தால் புழுநோய் பரவும் வாய்ப்புண்டு.

பெரிய இழப்பு தேனீக்களில் ஏற்பட்டது. அறுவடைக்குப் பின் நவம்பருக்குள் ஆறு கூட்டங்கள் பெட்டியை விட்டு ஓடிவிட்டன. ஆறுமே, தேன் அறை முழுவதும் எடுக்கப்பட்ட பெட்டிகள். இரண்டு மூன்று தேன் சட்டங்களை விட்டுவைத்த பெட்டி எதுவும் காலியாகவில்லை. இந்தியத் தேனீ தீவனம் தட்டினால் இருந்து சாகாது, கிளம்பிவிடும். சுழற்றும் முறையில் காலி அடையையாவது திருப்பி வைப்பார்கள். பிழியும் முறையில் அதுவும் இல்லை. பிழிவதென்று முடிவெடுத்தபோது மெழுகுக் கணக்கைப் போட்டவர்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை.

பிழிந்த சக்கையை வெந்நீரில் உருக்கி மூன்று கிலோ மெழுகு எடுத்தார்கள். அது மறு பருவ மெழுகுத்தாளுக்குப் போனது.

அடுத்த பூப்புக்கு மாற்றப்படுபவை

அடையிலேயே ஈரத்தைக் குறைக்க வேண்டும் என்பது முதல் மாற்றம். எடுத்த தேன் அறைகளை உடனே பிழியாமல், ஈரமுறிஞ்சும் இயந்திரம் ஓடும் மூடிய அறையில், இடையில் காற்றுப் புகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, 35 டிகிரிக்கு மேல் போகாமல் இரண்டு நாள் வைத்தால் ஓரிரு புள்ளி ஈரம் குறையும். மூடியிட்ட கண்ணறையில் ஈரம் மெதுவாகத்தான் இறங்கும், அதனால் ஒளிவிலகல்மானியை நம்பித்தான் நிறுத்த வேண்டும். பிழிந்தபின் இதைச் செய்ய வழியில்லை.

ஒவ்வொரு பெட்டியிலும் குறைந்தது இரண்டு தேன் சட்டம் விடப்படும். இதனால் மொத்தத் தேனில் கால்பங்குக்கு மேல் குறையும் என்று குழுவில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. ஆறு கூட்டத்தை இழந்ததன் செலவோடு ஒப்பிட்டால் விட்டுவைப்பதே மலிவு என்பது எங்கள் கணிப்பு.

விற்பனையில் பாதியை அடைத்தேனாக மாற்ற வாங்குபவரிடம் முன்கூட்டியே பேசப்படும். அதற்குத் தடித்த மெழுகுத்தாள் உதவாது, வாயில் சக்கையாக நிற்கும். சட்டத்தின் மேல்கட்டையில் இரண்டு சென்டிமீட்டர் மெழுகுப் பட்டை மட்டும் ஒட்டி, மீதியைத் தேனீ கட்டவிட வேண்டும்.

மாதிரிப் படிவத்தில் செடியின் தாவரப் பெயர், பிழிந்ததா சுழற்றியதா என்ற விவரம், ஒப்பிட வேண்டிய தரநிலைப் பத்தி மூன்றையும் எழுதி அனுப்பக் குழு ஒரு நிரந்தரப் படிவம் தயாரித்துவிட்டது. பாகு கொடுத்த கடைசித் தேதியைப் பெட்டியின் மூடியிலேயே எழுதும் பழக்கம் அந்தப் பருவத்திலிருந்தே எல்லாப் பெட்டிகளுக்கும் வந்துவிட்டது.

ஊசிப்பலகையும் அச்சும் எண்ணெய் பூசிக் கட்டி வைக்கப்பட்டுள்ளன. பூத்த சரிவு காய்ந்துவிட்டதால் அங்கே இனி ஏழெட்டு ஆண்டுக்கு வேலை இல்லை. வேறு முறையில் பூக்கும் அடுத்த பள்ளத்தாக்குக்கு முப்பது பெட்டிகளைக் கொண்டுபோக வனத்துறையிடம் அனுமதி கேட்டிருக்கிறார்கள்.